ஒரே கோட்டில் ஒரு திருமுகம்: பரோக் செப்புச் செதுக்கலில் குறியீட்டை எதுவரை வாசிக்கலாம்?

#1 கோட்டோவியன்

குளோத் மெல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் 1649இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 'வெரோனிக்காவின் துணி'யைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். பார்க்காதவர்களுக்காக: ஒரு துணி, அதன்மேல் முள்முடி சூடிய கிறிஸ்துவின் முகம். உயரம் சுமார் 43 செ.மீ., அகலம் சுமார் 32 செ.மீ. மூக்கின் நுனியில் ஒரு கோடு தொடங்கி, சுற்றிச் சுற்றிச் சுருளாக விரிந்துகொண்டே போகிறது. கண், இமை, தாடி, முள், வழியும் இரத்தத் துளி என்று அத்தனையும் அந்தக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிவதால் உண்டானவை. முகத்தில் குறுக்குக் கோடு என்று ஒன்றுகூட இல்லை.

என் சிக்கல் இதுதான். இணையத்தில் தேடினால், ஒரே கோடு ஏக கடவுளின் குறியீடு, சுருள் முடிவில்லாமையின் குறியீடு, மூக்கு நுனி உயிர்மூச்சின் குறியீடு, முட்கள் இன்னொன்றின் குறியீடு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இவற்றில் எது 1649ஆம் ஆண்டின் தாளில் உள்ளது, எது நாம் கொண்டுபோய் ஒட்டியது? பரோக் காலத்து, அதாவது பதினேழாம் நூற்றாண்டையொட்டிய, சமய அச்சோவியங்களின் உருவகத்தை வாசிப்பதற்கு ஏதாவது வரம்பு உண்டா, இல்லை வாய்க்கு வந்ததெல்லாம் விளக்கம்தானா?

#2 தாமிரப்பட்டறை

குறியீட்டுக்குப் போகும் முன் தகட்டுக்கு வாருங்கள். செதுக்கு அச்சுதான் என் தொழில். இந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு முதலில் மணிக்கட்டு வலிக்கும். பக்தி அதற்குப் பிறகுதான்.

பியூரின் என்கிற செதுக்கு உளியின் பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். எஃகு முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். மணல் நிரப்பிய தோல் திண்டின்மேல் தகட்டை வைப்பார்கள். வளைகோடு வேண்டுமென்றால் உளி பிடித்த கை பெரிதாக அசையாது. மற்றக் கை தகட்டை உளிக்கு எதிராகத் திருப்பிக்கொடுக்கும். அழுத்தினால் பள்ளம் ஆழமாகி அகலமாகும், மை அதிகம் தங்கும், தாளில் கோடு கறுத்துத் தடிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் மெலியும். இதற்குமேல் இதில் மாயம் எதுவும் இல்லை, மந்திரமும் இல்லை.

அந்தக் காலத்தில் மற்றவர்கள் நிழல் வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு வலை பின்னுவார்கள். வலைக்கண்ணுக்குள் புள்ளி வைப்பவர்களும் உண்டு. அந்த முறையில் கை கொஞ்சம் பிசகினாலும் அடுத்த அடுக்குக் கோடு அதை மூடிவிடும். மெல்லான் அந்த வசதியை வேண்டாம் என்று ஒதுக்கியவர். 1624இலிருந்து 1636வரை ரோமில் இருந்தார். சிமோன் வூவே என்ற ஓவியரின் வட்டத்தில் பழகினார். இணைகோடுகளை ஓடவிட்டு, தடிமனால் மட்டும் நிழல் காட்டும் முறை அங்கேதான் அவருக்குப் படிந்தது. அந்த முறையின் உச்சம்தான் இந்தச் சுருள்.

'ஒரே கோடு' என்பதைச் சட்ட வாசகமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். செவ்வகத் தாளுக்குள் வட்டச் சுருள் பக்க விளிம்பைத் தொட்ட பிறகு, மூலைகளை வளைவுத் துண்டுகளால்தான் நிரப்ப முடியும். முகம்வரை அறுபடாமல் ஓடுகிறது, அதுவே அசாத்தியம்.

ஆக, என்னைக் கேட்டால் இது முதலில் வித்தை காட்டும் தாள். மெல்லானுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 'யாராவது முடிந்தால் செய்து பாருங்கள்' என்று சக தொழில்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார். இறையியல் பிறகு வந்து சேர்ந்தது.

#3 இலத்தீன்மாணவி

வித்தை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை அண்ணா. ஆனால் அந்த வித்தைக்கு என்ன பொருள் என்று தாளே பேசுகிறதே! துணியின் கீழ் விளிம்பில் பெரிய எழுத்துகளில் 'ஃபோர்மாத்துர் ஊனிக்குஸ் ஊனா' என்று இருக்கிறது. அதற்கும் கீழே 'நோன் ஆல்த்தெர்'. ஏறத்தாழ, 'ஒப்பற்ற ஒருவர் ஒன்றால் உருவாகிறார், வேறொருவர் அல்லர்'.

'ஊனிக்குஸ்' ஆண்பால். விசுவாச அறிக்கை தெரிந்த எந்தக் கத்தோலிக்கருக்கும் அது கிறிஸ்துவைத்தான் நினைவூட்டும், 'ஒரே பேறான மகன்'. 'ஊனா' பெண்பால். எந்த 'ஒன்று' என்று பெயர்ச்சொல்லே போடாமல் விட்டுவிட்டார். இலத்தீனில் கோடும் பெண்பால், கன்னியும் பெண்பால். ஒரே கோட்டால் உருவான முகம் என்றும் படிக்கலாம், ஒரே கன்னியிடம் உருவான மகன் என்றும் படிக்கலாம். 'வேறொருவர் அல்லர்' என்பதும் அப்படித்தான்: இவரைப்போல் இன்னொரு மீட்பர் இல்லை, இதைச் செய்ய இன்னொரு செதுக்காளரும் இல்லை. பக்தியும் தற்பெருமையும் ஒரே வரியில்.

கோட்டோவியன், உங்கள் கேள்விக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது. ஒருமை என்கிற குறியீடு தகட்டிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது, அதை வாசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முடிவில்லாமைக்கும் மூச்சுக்கும் தாளில் ஓர் எழுத்துகூட ஆதாரம் இல்லை. மூக்கு முகத்தின் நடுவில் இருக்கிறது, சுருளை நடுவிலிருந்துதான் தொடங்க முடியும். அவ்வளவுதான்.

#4 ஐயப்பாடு

இரண்டு தகவல்களை வைக்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

முதலாவது, சார்ல் பெர்ரோ. ஆமாம், சிண்டரெல்லா கதையை எழுதிய அதே பெர்ரோதான். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் புகழ்பெற்ற மனிதர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் மெல்லானும் உண்டு, இந்தத் தாளும் உண்டு. மூக்கு நுனியில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போகும் ஒற்றைக் கோட்டின் தடிமன் வேறுபாட்டாலேயே எல்லாம் உருவாகிவிடுகிறது என்று வியக்கிறார். ஏறக்குறைய சமகாலத்தவரான அவருக்கே முதலில் கண்ணில் பட்டது கைத்திறன்தான்.

இரண்டாவது, நிலவு. 1636இல் ரோமிலிருந்து திரும்பும் வழியில் மெல்லான் தென் பிரான்சின் ஏய்க்ஸ் நகரில் தங்கினார். பெய்ரெஸ்க், காசெந்தி என்ற இரண்டு அறிஞர்களின் தூண்டுதலால் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து, அதன் பிறைகளைச் செதுக்கினார். நிலவின் மேடு பள்ளங்களைக் காட்டியதும் அதே தடித்து மெலியும் கோடுதான். நிலவில் அந்தக் கோடு வானியல், முகத்தில் அதே கோடு இறையியலா? கருவி ஒன்று, நாம்தான் இடத்துக்கேற்பச் சாமி கும்பிடுகிறோம்.

#5 இலத்தீன்மாணவி

நிலவில் சுருள் இல்லையே. நான் பார்த்த மெல்லான் தாள்களில் எல்லாம் கோடுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. சுருளை இந்த முகத்துக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார், அதோடு ஒரு வாசகத்தையும் எழுதியிருக்கிறார். பொதுவான கருவியை ஒருவர் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் மாற்றிப் பயன்படுத்தினால், ஏன் என்று கேட்பதுதானே முறை?

#6 ஆறாம்நிலை

இதுவரை யாரும் துணியைப் பற்றிப் பேசவில்லை. நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குத் தவக்கால வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை உண்டு, இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் வழிபாடு. அதன் ஆறாம் நிலையில்தான் வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இந்த நிகழ்ச்சி நற்செய்தி நூல்கள் நான்கிலும் கிடையாது, மரபு தந்தது. துடைத்த துணியில் முகம் பதிந்துவிட்டது என்பது நம்பிக்கை. அந்தத் துணி என்று போற்றப்பட்ட பொருள் ரோமில், புனித பேதுரு பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்தது. மெல்லான் ரோமில் இருந்த ஆண்டுகளில்தான் அந்தப் பேராலயத்தின் மாபெரும் தூண்களில் ஒன்றுக்காகப் பிரான்செஸ்கோ மோக்கி வெரோனிக்காவின் சிலையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். துணி காற்றில் படபடக்க ஓடிவருகிற அந்தச் சிலை இன்றும் அங்கே நிற்கிறது. ஆகவே இது மெல்லானுக்குச் சும்மா கிடைத்த பொருள் அல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெரோனிக்காவின் துணி 'கையால் செய்யப்படாத படம்' என்ற வகையைச் சேர்ந்தது. தூரிகை இல்லை, ஓவியன் இல்லை. ஈரமான முகத்தில் துணி அழுந்தியது, உருவம் பதிந்தது. செப்பு அச்சு எப்படி நடக்கிறது? மை ஏறிய தகட்டில் ஈரத்தாள் அழுந்துகிறது, உருவம் பதிகிறது. அச்சுத் தாளில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிறிஸ்தவ மரபில் உண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1513இல் இதே துணியைச் செதுக்கினார். அதில் இரண்டு வானதூதர்கள் துணியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மெல்லான் தூதர்களை நீக்கிவிட்டார், வெரோனிக்காவையும் நீக்கிவிட்டார். துணி மட்டும், ஏறக்குறைய தாளை நிரப்பிக்கொண்டு. துணியையும் தாளையும் ஏறக்குறைய ஒன்றாக்கிவிட்டார். கையில் அந்தத் தாளை வைத்திருப்பவர்தான் இப்போது வெரோனிக்கா.

அதே மனிதர் கீழே கையொப்பமும் இடுகிறார்: வரைந்தவரும் செய்தவரும் மெல்லான், அரசர் மாளிகையில், 1649. கையால் செய்யப்படாத படத்தைத் தன் கை செய்தது என்று ஊருக்கு அறிவிக்கிறார். இந்த முரண்பாடு தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

#7 தாமிரப்பட்டறை

இதற்குத் தொழில்காரன் தலையாட்டுகிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். அந்த இலத்தீன் வாசகத்தை அவர் தகட்டில் திருப்பித்தான் செதுக்கியிருக்க வேண்டும், சுருளையும் எதிர்த்திசையில் ஓட்டியிருக்க வேண்டும். முகத்திலிருந்து துணிக்குப் பதிந்த உருவமும் அப்படி மாறித்தானே விழும்? அச்சுக்காரனுக்கு இது அன்றாடப் பாடு.

#8 வேனில்

புதியவள். படத்தை அலைபேசியில் பார்த்தேன். முகத்தைச் சுற்றி ஒளி அலைகள் வட்டம் வட்டமாகப் பரவுகின்றன, சில இடங்களில் கதிர்களைப்போல வெட்டிக்கொள்கின்றன. தூய ஆவியைக் குறிப்பதாக இருக்குமோ?

#9 தாமிரப்பட்டறை

அது உங்கள் அலைபேசி செய்த வேலை அம்மா. நெருக்கமான சுருள் கோடுகளைச் சுருக்கிக் காட்டும்போது, திரையின் புள்ளிக் கட்டத்தோடு அவை மோதி இல்லாத அலைகளை உண்டாக்கும். மோவாரே என்பார்கள். படத்தைப் பெரிதாக்குங்கள், அலைகள் மறைந்து கோடு மட்டும் நிற்கும். கோட்டோவியன், உங்கள் சிற்றிதழிலும் இதே ஆபத்து உண்டு. உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் போட்டால் வாசகர்கள் கதிர்களையும் அலைகளையும் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுவார்கள். கண்ணும் மூக்கும் வரும் பகுதியை மட்டும் மூல அளவில் தனியாக அச்சிடச் சொல்லுங்கள்.

#10 கோட்டோவியன்

நல்ல யோசனை, ஆசிரியரிடம் சொல்கிறேன். வேனில் கேட்ட கேள்வியும் பயனுள்ளதுதான். தாளில் இல்லாத ஒன்றுக்கு எத்தனை எளிதாகப் பொருள் கிடைத்துவிடுகிறது, பாருங்கள்.

அடுத்த கேள்வி. மெல்லான் ஒரு வரி எழுதி வைத்தார், நமக்குப் பிடி கிடைத்தது. இது விதிவிலக்கா, அந்தக் காலத்துச் சமய அச்சோவியங்களுக்கு இதுதான் வழக்கமா?

#11 இலத்தீன்மாணவி

வழக்கம்தான், அதுவும் பலமான வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் படங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. படங்கள் மக்களுக்குப் போதிக்க வேண்டும், தவறான கோட்பாட்டுக்கு இடம் தரக்கூடாது, வழக்கத்துக்கு மாறான படம் வேண்டுமென்றால் ஆயரின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிறகு கத்தோலிக்க நாடுகளில் வந்த பக்தி நூல்களில் படம் தனியாக நிற்பது அரிது. பக்கத்தில் ஒரு சொல் காவல் இருக்கும்.

கறாரான எடுத்துக்காட்டு இயேசு சபையைச் சேர்ந்த நடாலின் நற்செய்திப் படங்கள். 1593இல் ஆன்ட்வெர்ப் நகரில் வந்தது, 153 தகடுகள். பெரும்பாலானவற்றை வீரிக்ஸ் சகோதரர்கள் செதுக்கினார்கள். படத்துக்குள்ளேயே ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கும். குகைக்கு ஓர் எழுத்து, தூரத்து மலைக்கு ஓர் எழுத்து, வானதூதருக்கு ஓர் எழுத்து. கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம். கண் எந்த வரிசையில் நகர வேண்டும், எங்கே நின்று தியானிக்க வேண்டும் என்பதுவரை தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் மூச்சு முட்டும்.

அதைவிடச் சுவையானது ஹெர்மான் ஹூகோவின் 'பியா தெசிதெரியா', 1624, அதுவும் ஆன்ட்வெர்ப். செதுக்கியவர் பொயேசியஸ் போல்ஸ்வெர்ட். 45 படங்கள், பதினைந்து பதினைந்தாக மூன்று பகுதிகள். ஆன்மா ஒரு சிறுமி, இறையன்பு சிறகு முளைத்த ஒரு சிறுவன். பழைய ரோமானியக் காதல் தேவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து உள்ளே அழைத்துவந்தால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விவிலிய வசனம், பிறகு நீளமான இலத்தீன் கவிதை, அதற்குப் பிறகு திருச்சபைத் தந்தையரின் மேற்கோள்கள்.

இரண்டு படங்களைச் சொல்கிறேன். ஒன்றில் ஓர் எலும்புக்கூடு. அதன் விலா எலும்புகளுக்குள் அந்தச் சிறுமி, சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிற கைதியாக. வசனம், இந்தச் சாவுக்குரிய உடலிலிருந்து என்னை விடுவிப்பவர் யார் என்று பவுல் உரோமையருக்கு எழுதியது. கூடு என்றால் சிறை, சிறை என்றால் உடல். வசனம் இல்லாவிட்டால் பேய்க்கதைப் படம் என்று நினைத்துவிடலாம்.

இன்னொன்று பதினான்காவது படம். சிறுமி தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறாள். தூரத்தில் தெரிவது எலும்புருவாய்ச் சாவு, அதற்கப்பால் தீர்ப்பு. வசனம் இணைச்சட்டம் 32:29, தங்கள் முடிவை முன்கூட்டியே உணர்ந்திருக்கலாகாதா என்ற ஆதங்கம். தொலைநோக்கி நெதர்லாந்துப் பகுதியில் பேச்சுக்கு வந்தது 1608இல். கலிலேயோ தாம் கண்டதை வெளியிட்டது 1610இல். பதினான்கே ஆண்டுகளில் அது சாவைக் கிட்டத்தில் கொண்டுவரும் கருவியாக ஜெபப் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டது. ஐயப்பாடு அவர்களே, கருவி எங்கே போனாலும் ஒரே பொருள்தான் தரும் என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்?

#12 ஐயப்பாடு

அப்படி நான் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் எனக்கு நல்ல ஆயுதம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொற்காவல் எவ்வளவு நாள் தாங்கியது? 1635இல் லண்டனில் பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற ஆங்கிலிக்கக் கவிஞர் குறியீட்டுப் படமும் கவிதையும் சேர்ந்த தம் நூலை வெளியிட்டார். அதன் பிற்பகுதியின் படங்கள் ஹூகோவின் படங்களைப் பார்த்துச் செதுக்கியவை. ஹூகோ யார்? இயேசு சபைக் குரு, ஸ்பானியத் தளபதி ஸ்பினோலாவின் படையில் ஆன்ம குரு; புரோட்டஸ்டன்டுகளின் கையில் இருந்த பிரேடா நகரை அந்தப் படை முற்றுகையிட்டு வீழ்த்தியதைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அவருடைய படங்களை வைத்துப் புரோட்டஸ்டன்டு வீடுகளில் ஜெபம் செய்தார்கள்.

படம் இருந்தது, வசனம் பெரும்பாலும் இருந்தது, இலத்தீன் கவிதை போய் ஆங்கிலக் கவிதை வந்தது. தொலைநோக்கிப் படத்துக்குக் குவார்ல்ஸ் எழுதியது உடலும் ஆவியும் பேசிக்கொள்ளும் உரையாடல். ஆவி தொலைநோக்கியில் சாவையும் தீர்ப்பையும் பார்க்கிறது. உடல் முப்பட்டகக் கண்ணாடியில் உலகத்தை வண்ண வண்ணமாகப் பார்த்து, என்னுடையதுதான் அழகு என்கிறது. ஆக, பொருள் படத்தில் ஆணியடித்து நிற்பதில்லை. பக்கத்தில் யார் எழுதுகிறாரோ அவர் பக்கம் சாய்கிறது.

#13 ஆறாம்நிலை

எவ்வளவு சாய்ந்தது என்பதையும் பாருங்கள். எலும்புக்கூட்டுக்குள் சிறுமி கத்தோலிக்கருக்கும் உடற்சிறைதான், ஆங்கிலிக்கருக்கும் உடற்சிறைதான். தொலைநோக்கியில் தெரிவது இருவருக்கும் சாவுதான். பிரிந்த இரண்டு சபைகளுக்கும் பொதுவாக இருந்த விவிலியம்வரைதான் அது சாய முடிந்தது. வெண்ணிலாவையும் தென்றலையும் பாடும் படமாக அது மாறிவிடவில்லையே!

ஹூகோவின் நூலில் எனக்கு மிகவும் பிடித்தது புதிர்ப்பாதைப் படம். பயணியின் கோலத்தில் சிறுமி பாதையின் நடுவில் நிற்கிறாள். தூரத்துக் கோபுரத்தின் மேலிருந்து இறையன்பு ஒரு கயிற்றை விட்டிருக்கிறது, அதன் நுனி இவள் கையில். வசனம், என் வழிகள் நேராக அமையாதா என்கிற திருப்பாடல் 119. பின்னால் கண் தெரியாத ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறார். சேசரே ரிப்பாவின் குறியீட்டுக் கையேட்டைப் புரட்டுபவர்கள் 'நாய் என்றால் விசுவாசம்' என்று உடனே எழுதிவிடுவார்கள். 1593இல் ரோமில் வந்த நூல் அது, 1603இலிருந்து படங்களோடு. அதை அகராதிபோலப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கயிற்றைப் பாருங்கள். சிறுமியும் தன்னை வழிநடத்துபவரைக் கயிற்றால் நம்புகிறாள், கண் தெரியாதவரும் அப்படியே நம்புகிறார். போல்ஸ்வெர்ட் விளக்கத்தை அந்தப் பின்னணி மனிதரிடம் ஒளித்து வைத்திருக்கிறார் என்பது என் வாசிப்பு. கையேடு இல்லாமலே, தாளுக்குள்ளிருந்தே கிடைக்கிறது.

#14 கோட்டோவியன்

சரி, எழுத்தே இல்லாத தாளுக்கு என்ன செய்வது? மெல்லான் பாரிசில் சுருளைச் செதுக்கிய அதே காலத்தில், ஏறக்குறைய 1648இல், ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் ரெம்பிராண்ட் 'நூறு கில்டர் அச்சு' என்று பெயர் பெற்ற தாளை முடிக்கிறார். கில்டர் என்பது அந்த நாட்டு நாணயம். நூறு கில்டருக்கு விற்றதாக 1654ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று பேசுகிறது. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. படத்தில் வசனம் இல்லை, எழுத்துக் குறிகள் இல்லை, தலைப்புகூட இல்லை. கத்தோலிக்கச் சொற்காவல் இல்லாத ஊர், தேவாலயச் சுவர்களில் படமே இல்லாத ஊர். அங்கே குறியீட்டை எதை வைத்துப் பிடிப்பது?

#15 ஆறாம்நிலை

மத்தேயு 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரளான மக்கள் பின்தொடர அவர்களைக் குணமாக்கினார்: தாளின் வலப்பக்கம் முழுவதும் நோயாளிகள், ஒருவர் தள்ளுவண்டியில்கூட வருகிறார். பரிசேயர் சோதிக்க வந்தார்கள்: இடப்பக்கம் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கும் கூட்டம். குழந்தைகளைக் கொண்டுவந்தபோது சீடர்கள் அதட்டினார்கள்: ஒரு தாய் குழந்தையோடு முன்னேறுகிறாள், பேதுரு தடுக்கிறார், கிறிஸ்துவின் கை அவரைத் தடுக்கிறது. செல்வந்தரான இளைஞன் வருத்தத்தோடு போய்விட்டான்: இடப்பக்கம் நல்ல உடை அணிந்த ஓர் இளைஞன் முகத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இனி வலது ஓரத்துக்குப் போங்கள். இருண்ட வளைவு வாயிலில் ஓர் ஒட்டகம் நிற்கிறது. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவதைப் பற்றிய வசனம் அதே அதிகாரத்தில் 24ஆவது.

எழுத்து இல்லை என்றா சொல்கிறீர்கள்? விவிலியத்தை வீட்டில் தினமும் வாசிக்கிற ஊருக்கு அதிகாரம் முழுவதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சமகாலக் கவிஞர் வாட்டர்லோஸ் பாரிசில் இன்று உள்ள ஒரு பிரதியில் கையாலேயே கவிதை எழுதி வைத்தார். நோயாளிகள், குழந்தைகள், வருந்தும் இளைஞன் என்று அவரும் இப்படித்தான் வாசித்திருக்கிறார்.

#16 ஐயப்பாடு

ஒட்டகம் கீழ்த்திசைக் காட்சி என்று காட்டுவதற்காக வைத்ததாகவும் இருக்கலாமே. தனியாக அதை மட்டும் காட்டியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். ஒரே அதிகாரத்தின் நான்கு நிகழ்ச்சிகள் கூடவே நிற்கின்றன, ஆகவே ஒட்டகத்தை ஏற்கிறேன்.

ஆனால் இன்னொன்று உண்டு. கிறிஸ்துவின் காலடியில் மண்டியிட்டுக் கைகூப்பும் பெண்ணின் கைகளின் நிழல் அவருடைய அங்கியில் விழுகிறது. 'மன்றாட்டு இறைவனைத் தொடுகிறது' என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். கிறிஸ்துவின் தலையைச் சுற்றி ஒளி வீசுகிறது, அவரே ஒளி என்றும் அதே ஆட்கள் எழுதுகிறார்கள். ஒளியின்மேல் நிழல் எப்படி விழும்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

#17 தாமிரப்பட்டறை

வேலையைப் பார்த்தால் இரண்டு வெளிச்சமும் இருக்கின்றன. இந்தத் தாளில் அமிலத்தால் அரித்த கோடு, தகட்டில் நேரடியாகக் கீறிய உலர்ஊசிக் கோடு, செதுக்கு உளிக் கோடு மூன்றும் கலந்திருக்கின்றன. இடப்பக்கப் பரிசேயர்களைப் பாருங்கள்: வெறும் வெளிக்கோடு, தாளின் வெள்ளை அப்படியே. அங்கே வெளியுலக வெளிச்சம் கொட்டுகிறது. வலப்பக்கம் வெல்வெட்டு மாதிரிக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் கிறிஸ்துவைச் சுற்றியுள்ள ஒளி தனியாகத் தெரிகிறது. நிழல் வெளி வெளிச்சத்தால் விழுகிறது. அந்த நிழலை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார். அங்கியின் அந்த இடம் வேறு கோடே இல்லாமல் வெளுப்பாக விடப்பட்டிருக்கிறது. கண் அங்கே போகாமல் தப்ப முடியாது. அதற்கு என்ன பொருள் என்பதில் நான் தலையிட மாட்டேன்.

#18 இலத்தீன்மாணவி

நிழலுக்கு மட்டும் நான் ஐயப்பாடு அவர்களின் பக்கம். ஒட்டகத்துக்கு வசனம் இருக்கிறது, சுருளுக்கு வாசகம் இருக்கிறது, தொலைநோக்கிக்கு இரண்டும் இருக்கின்றன. நிழலுக்கு அந்த அதிகாரத்தில் எதுவும் இல்லை. பார்க்கிறோம், மனம் இளகுகிறது, ஆனால் 'இதன் குறியீடு இது' என்று கட்டுரையில் எழுத மாட்டேன்.

#19 ஆறாம்நிலை

நான் எழுதுவேன். வசனம் இருந்தால்தான் பொருள் என்றால் ரெம்பிராண்டும் நடாலைப்போல எழுத்துக் குறி போட்டுக் கீழே விளக்கம் எழுதியிருப்பாரே. போடவில்லை என்பதே ஒரு தகவல். நிழல் கிறிஸ்துவின் அங்கியில் ஏன் விழ வேண்டும், தரையில் விழுந்தால் என்ன? தகட்டுக்காரரே வேண்டுமென்றே போட்டது என்று சாட்சி சொல்லிவிட்டார்.

#20 கோட்டோவியன்

கட்டுரையை இப்படி எழுதப்போகிறேன்: ஒரே கோடு, ஒரே மகன் என்பதைத் தாளின் வாசகத்தை வைத்து உறுதியாக. துணி, அச்சு, கையால் செய்யப்படாத படம் என்பதை வலுவான வாசிப்பாக. டியூரரின் தூதர்களை மெல்லான் நீக்கியதை அருகில் வைத்து. முடிவில்லாமை, மூச்சு இரண்டும் வெளியே. ரெம்பிராண்ட் ஒரு பத்தி, அதில் ஒட்டகம் உண்டு. நிழலை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆசிரியர் பக்க எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் முதலில் போவது அதுதான்.

#21 ஐயப்பாடு

நிலவையும் போடுங்கள். மெல்லானின் நிலவுத் தாளைத் திருமுகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டால் வாசகர்கள் தாங்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஆறாம்நிலைக்கு மட்டும் ஒரு கேள்வி: தரையில் நிழல் விழுந்திருந்தால் அதற்கும் ஒரு பொருள் சொல்லியிருக்க மாட்டீர்களா?

#22 ஆறாம்நிலை

சொல்லியிருப்பேன். ஆனால் வேறு பொருள் சொல்லியிருப்பேன், அதையும் நீங்கள் மறுத்திருப்பீர்கள்.